மூடிப்போன மில்லின் கதையை எழுதி வைப்பது எப்படி

உங்கள் ஊரில் ஒரு பஞ்சாலை இருந்து மூடிப்போயிருந்தால், அதன் கதையை யாராவது எழுத வேண்டுமே என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். சென்னை பெரம்பூர் பக்கத்தில் இருந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில் 1996ல் மூடப்பட்டது. அன்று 40 வயதில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது 70 ஆகிவிட்டது. அன்றே ஓய்வு வயதை நெருங்கியிருந்தவர்களைத் தேடிப் போனால் பல வீடுகளில் மாலை போட்ட படம்தான் நம்மை வரவேற்கிறது. என் தாத்தா அந்த மில்லில் நெசவுப் பக்கம் இருந்தவர். அவர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அவருடைய கூட்டாளிகள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பி அண்ட் சி எனக்குத் தெரிந்த மில் என்பதால் உதாரணம் எல்லாம் அதிலிருந்தே வரும். ஆனால் தூத்துக்குடி, கோவை, புதுச்சேரி, எங்கே இருப்பவர்களுக்கும் வேலை இதேதான்.

ஆட்களைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கத்தில் வருடக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். என் பக்கம் இப்படி ஆரம்பித்தது: 1876 பக்கிங்ஹாம் மில், 1881 கர்னாடிக் மில், இரண்டும் பின்னி கம்பெனி நடத்தியவை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலானது, அந்த அடியில் பின்னியும் ஆடிப்போய் இன்ச்கேப் பிரபுவின் குழுமத்தின் கைக்குப் போனது. 1918 சங்கம். 1920ல் இரண்டு மில்லும் ஒரே கம்பெனியாக இணைந்தன, அதே வருடம் டிசம்பர் 9ல் தொழிலாளிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. 1921ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம். 1947ல் இன்னொரு பெரிய வேலைநிறுத்தம். 1996 மூடல்.

அந்தப் பக்கத்திலேயே பக்கவாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் தேதிகளையும் எழுதி வையுங்கள். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். முதல்வரானது 1977, அவர் இறந்தது 1987 டிசம்பர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே. இது எதற்கு என்றால், எந்தத் தொழிலாளியும் "1978ல் எனக்கு வேலை நிரந்தரமானது" என்று சொல்ல மாட்டார். "எம்.ஜி.ஆர். வந்த அடுத்த வருஷம், பெரியவள் கைக்குழந்தை" என்றுதான் சொல்வார். அந்த நேரத்தில் அவர் பேச்சை நிறுத்தி வருடம் கேட்டுத் தொல்லை செய்யாமல் நீங்களே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ள இந்தப் பக்கவாட்டுத் தேதிகள் உதவும்.

அடுத்து, இந்த மில் ஏன் இந்த ஊரில் வந்தது, என்ன நெய்தது, யார் வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தேடுங்கள். பலரும் இதைத் தாண்டி நேராகப் போராட்டத்துக்கும் மூடலுக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது, ஏனென்றால் ஒரு மில் ஏன் வளர்ந்தது என்று தெரியாதவருக்கு அது ஏன் விழுந்தது என்றும் தெரியாது. பி அண்ட் சியின் பேர் சொன்ன சரக்கு காக்கி. சாயம் போகாத காக்கி டிரில் துணி, ராணுவத்துக்கும் போலீசுக்கும். முதல் உலகப் போர் வந்தபோது சீருடைத் துணிக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அந்த மில் ஏன் அவ்வளவு பெரிதானது என்பதற்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் மில் கட்டியதற்குக் காரணம் தாமிரபரணி அருவியின் நீர்விசை. கோவையில் 1888லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது, ஆனால் வரிசையாக மில்கள் முளைத்தது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, சுற்றிலும் கரிசல் மண்ணில் பருத்தியும் இருந்ததால். புதுச்சேரி மில்களின் நீலத் துணி பிரெஞ்சுக்காரர்களின் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, செனகல் வரைக்கும் போனது. ஆக ஒவ்வொரு மில்லுக்கும் கீழே ஒரு ஆறோ, ஒரு துறைமுகமோ, ஒரு கொள்முதல்காரரோ இருக்கிறார். உங்கள் ஊர் மில்லுக்கு அது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

சரி, இப்போது ஆட்களிடம் போகலாம். இதுதான் மொத்த வேலையின் உயிர், இங்கேதான் நிறைய தவறும் நடக்கிறது.

"மில்லைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மேடைப் பேச்சு மாதிரி ஏதாவது வரும், "அதெல்லாம் ஒரு காலம்" என்று முடிந்துவிடும். காலையில் எழுந்ததிலிருந்து கேளுங்கள். முதல் ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்தத் தெரு வழியாக, சங்கு எத்தனை தடவை ஊதும், கேட்டில் டோக்கன் எப்படி வாங்குவார்கள், லேட்டானால் என்ன ஆகும், உங்கள் மேஸ்திரி எப்படிப்பட்டவர், சாப்பாடு யார் கொண்டுவருவார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். ஒரு நாளை அப்படியே நடந்து முடித்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும், அவருக்கே மறந்துபோனதெல்லாம் வெளியே வரும். சாப்பாட்டுக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 1918ல் பெரம்பூர் தொழிலாளிகளை ஒன்றுசேர்த்த குறைகளில் மதிய உணவுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பதும் ஒன்று.

எந்த டிபார்ட்மென்டில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற கேள்வி கேளுங்கள். பஞ்சு உள்ளே வந்து புளோ ரூமில் பிரிந்து, கார்டிங்கில் சீவப்பட்டு, ஸ்பின்னிங்கில் நூலாகி, வைண்டிங், வார்ப்பிங் தாண்டி, சைசிங்கில் கஞ்சி ஏறி, வீவிங்கில் துணியாகி, சாயமேறி, மடிப்புக்குப் போகிறது. இந்த வரிசையை ஒரு தாளில் வரைந்து கையோடு எடுத்துப் போங்கள். பெரியவர்கள் அதைப் பார்த்ததும் "நான் இங்கே" என்று விரல் வைப்பார்கள், அதன் பிறகு பேச்சு தானாக ஓடும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருந்தவர்களிடம் திங்கட்கிழமை நெஞ்சு அடைக்குமா என்று கேளுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் லீவு நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அதிகமாகத் தெரியும். நோயின் பெயர் தெரியாதவர்கள்கூட அந்த நாளை மறக்க மாட்டார்கள். வீவிங்கில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் காது மந்தம், அத்தனை தறிச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்றவர்கள். பக்கத்தில் உட்காராமல் எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள், அவர்கள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், பதிவு செய்கிறேன் என்று முன்னாலேயே சொல்லி அவர் சரி என்ற பிறகு.

பதிலி ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்டில் காத்து நின்றவர்கள் அவர்கள். சில பேர் பல வருடம் அப்படியே நின்றிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் மில் வேறு மில். அப்புறம் வீட்டுப் பெண்கள். என் பாட்டியிடம்தான் நான் கடைசியாகக் கேட்டேன், முதலில் கேட்டிருக்க வேண்டும். சம்பள நாளன்று எந்தக் கடைக்கு எவ்வளவு, வேலைநிறுத்த மாதங்களில் எந்தப் பாத்திரம் அடகுக்குப் போனது, யார் வீட்டுக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்தார்கள், எல்லாம் அவர் நினைவில் வரிசையாக இருந்தது. தாத்தாவுக்குத் தெரிந்த மில் கேட்டுக்கு உள்ளே இருந்தது என்றால், கேட்டுக்கு வெளியே இருந்த மில் முழுக்கப் பாட்டிக்குத்தான் தெரியும்.

சம்பளம், செட்டில்மென்ட் பற்றி முதல் சந்திப்பில் கேட்க வேண்டாம். இரண்டாவது தடவை போகும்போது அவர்களே பெட்டியைத் திறப்பார்கள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். சீட்டு, சங்கச் சந்தா ரசீது, கேட் பாஸ், பணி ஓய்வு நாளில் மாலையோடு எடுத்த போட்டோ. எதையும் கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்து, இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அவர் கண் எதிரே திருப்பி வையுங்கள். குழுப் படமாக இருந்தால் யார் யார் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை கேட்கலாம் என்று விட்ட படங்களில் சில முகங்களுக்கு எனக்கு இன்றுவரை பெயர் கிடைக்கவில்லை.

சங்கத்தைப் பற்றி எழுதும் இடம் வரும்போது நிதானமாக இருங்கள். பெரம்பூரில் சொல்ல நிறைய இருக்கிறது. மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜலு நாயுடுவிடமும் தொழிலாளிகள் தங்கள் குறைகளைச் சொல்லி அழ, அவர்கள் அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியாவைப் போய்ப் பார்க்க, 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். திரு.வி.க. அதில் முன்னால் நின்றார். 1920ல் கம்பெனி வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தொழிலாளிகளைத் தூண்டக் கூடாது என்று தடை வாங்கியது. ஒரு சங்கத் தலைவரை இப்படி நீதிமன்றத்தில் நிறுத்த முடிகிறதே என்ற அதிர்ச்சியில்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் தில்லி வரை எழுந்தது, அது 1926 தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டாலும் அதன் பின்னால் பெரம்பூரின் அந்த வழக்கு இருக்கிறது. 1947 போராட்டத்தை வழிநடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பின்னால் வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

ஆனால் 1921ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்த வருட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், சாதி இந்துக்கள் வெளியே நின்றார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கம்பெனியும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது ஒரு பக்கம். திரும்பிப் போனவர்களுக்குச் சங்கம் உண்மையிலேயே சொந்த வீடாக இருந்ததா, பட்டினி வந்தபோது கடன் கொடுக்க அவர்களுக்கு யாராவது இருந்தார்களா என்ற கேள்வி இன்னொரு பக்கம். திரும்பிப் போனவர்கள் பக்கம் நின்ற ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அன்று எடுத்த நிலையைத் துரோகம் என்று ஒரு வரியில் எழுதி முடிப்பவர்களைப் படித்திருக்கிறேன், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உங்கள் ஊர் மில்லிலும் எந்தச் சாதிக்கு எந்த டிபார்ட்மென்ட், தண்ணீர்ப் பானை தனியா, குடியிருப்பில் யாருக்கு எந்த வரிசை என்று கேளுங்கள். ஒரு தெருவில் மட்டும் கேட்டு எழுதினால் பாதி மில்தான் கிடைக்கும். சேரிக்கும் போங்கள், இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள், பதில் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

ஆவணங்களுக்கு வருவோம். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலேயர் காலத்து அரசாணைகள் இருக்கின்றன. அடையாளச் சான்றும் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒரு கடிதமும் எடுத்துப் போய் அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் "மில் சம்பந்தமாக ஏதாவது" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. அட்டவணைப் புத்தகங்களைப் பார்த்து எந்தத் துறை, எந்த வருடம், எந்த எண் என்று எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வரும், முன்னால் போட்ட ஒரு பக்கக் கணக்கு இங்கே கைகொடுக்கும். தமிழ்ப் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று அரசு வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி வைத்துக்கொண்ட ரகசிய அறிக்கைகள் உண்டு, மூலப் பத்திரிகை தொலைந்துபோன இடத்தில்கூட அவை கிடைக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பழைய தமிழ் இதழ்களுக்கு. திரு.வி.க.வின் தேசபக்தன், நவசக்தி பற்றி அங்கே விசாரியுங்கள்.

பிற்காலத்துக்கு வேறு வழி. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம், தொழிலாளர் துறை போன்றவற்றில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்காமல், ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், "இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை பதிவான தொழிலாளர் எண்ணிக்கை" என்பதுபோல் குறிப்பாகக் கேளுங்கள். நான் போட்ட முதல் மனுவுக்கு ஒரு அலுவலகம் "கோப்பு இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பியது. மேல்முறையீடு செய்தேன், கோப்பின் ஒரு பகுதி வந்தது. அதனால் முதல் பதிலோடு விட்டுவிடாதீர்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு வில்லங்கச் சான்று போதும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது, மில்லின் கூரை எந்த வருடம் மறைந்தது என்று அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போது கடினமான பகுதி, மில் ஏன் மூடியது. நீங்கள் சந்திக்கும் பத்துப் பேரில் சிலர் சங்கம்தான் கெடுத்தது என்பார்கள், சிலர் முதலாளி தின்றுவிட்டான் என்பார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே நின்றுவிடாதீர்கள். பம்பாயில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைக் காட்டி எல்லா மில்லுக்கும் அதே காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் வேலைநிறுத்தமே நடக்காத மில்களும் அதே காலத்தில் மூடின. நூற்பு, நெசவு, சாயம் மூன்றையும் ஒரே காம்பவுண்டில் வைத்திருந்த பெரிய மில்களின் துணியைவிட, சின்ன ஷெட்டில் ஓடிய விசைத்தறித் துணி விலை குறைவு. அங்கே சம்பளம் குறைவு, பி.எஃப். இல்லை, சங்கம் இல்லை. பாலியஸ்டர் வந்து பருத்தித் துணி வாங்கும் பழக்கத்தை மாற்றியது. பழைய இயந்திரத்தை மாற்ற லாபத்தைத் திருப்பிப் போடாத முதலாளிகள், பருத்தி விலை ஏறிய வருடங்கள், மின்வெட்டு, வங்கிக் கடன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் வளர்ந்து மில் நின்ற நிலத்தின் விலை மில் தரும் லாபத்தைவிட உயர்ந்துபோன ஒரு நாள். அந்த நாள் எப்போது வந்தது என்று பாருங்கள், எல்லா ஊரிலும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

அரசு எடுத்து நடத்திய மில்களுக்கும் இதே கேள்வி உண்டு. 1974 சட்டத்தின்கீழ் நலிந்த மில்கள் தேசிய பஞ்சாலைக் கழகத்துக்கு வந்தன. கோவையில் அப்படி ஓடிக்கொண்டிருந்தவை 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு நின்றன. புதுச்சேரியில் 1898ல் தொடங்கிய ரோடியர் மில், பிறகு ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்), அரசின் கையில் இருந்தபோதே 2011 டிசம்பரில் 'தானே' என்ற புயலில் பலத்த சேதம் அடைந்து, கடைசியில் 2020ல் மூடப்பட்டது. அதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30ல் சவானா மில் போராட்டத்தில் 12 தொழிலாளிகள் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள், ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நாள் இருந்தால் தவறாமல் போங்கள். வேறு எங்கும் சந்திக்க முடியாத பழைய ஆட்கள் அன்று ஒரே இடத்தில் இருப்பார்கள்.

மூடிய பிறகு என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். பி அண்ட் சியின் பெரிய கூடங்கள் கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங்குக்குப் போயின, பின்னி மில் என்றால் சண்டைக்காட்சி எடுக்கும் இடம் என்று ஒரு தலைமுறைக்குத் தெரியும். அப்புறம் அடுக்குமாடிகள். ஆனால் உள்ளே இருந்த மனிதர்கள்? ஆட்டோ ஓட்டியவர், வாட்ச்மேன் வேலைக்குப் போனவர், செட்டில்மென்ட் பணத்தைப் பெண் கல்யாணத்தில் முடித்தவர், வேலைக்குப் போகாமல் தினமும் அதே நேரத்துக்குக் கேட் வரை நடந்து போய்த் திரும்பியவர். முதல் ஷிப்ட் நேரத்துக்கு இப்போதும் தூக்கம் கலைந்துவிடுகிறது என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

எழுதும்போது உயிரோடிருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள், கடன், குடி, குடும்பச் சண்டை பற்றிச் சொன்னதைப் பெயரோடு சேர்க்கவே வேண்டாம். போட்டோக்களைப் பின்னால் ஸ்கேன் செய்ய முடிந்தால் 600 டிபிஐயில் செய்யுங்கள். கோப்புப் பெயரில் வருடம், டிபார்ட்மென்ட், யார் வீட்டுப் படம் மூன்றும் இருக்கட்டும். ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் வையுங்கள். அச்சிட்டால் ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒன்று சங்க அலுவலகம் இன்னும் இருந்தால் அங்கே.

அச்சுக்குப் போவதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் திரும்பிப் போய் அவர் சொன்ன பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். காது மந்தமானவருக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாக. நான் அப்படிப் படித்தபோது ஒரு பெரியவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தி, "அது ரெண்டாவது ஷெட் இல்லை, மூணாவது" என்றார். திருத்தினேன், மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.